மாத்திரை பழகிவிட்டதா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. பைபோலார், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய் என்று சொல்லி ஆறு வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார், நன்றாகத்தான் இருந்தார். இரண்டு வாரமாக இரவில் மூன்று மணி நேரம்தான் தூங்குகிறார். கேட்டால் ‘தெம்பாத்தான் இருக்கேன்’ என்கிறார். ஆன்லைனில் தினமும் ஏதாவது வாங்குகிறார். மாத்திரை உடம்புக்குப் பழகிவிட்டதா? டோஸைக் கூட்டிக் கொடுக்கலாமா? டாக்டரைப் பார்க்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

பதில்: டோஸில் மட்டும் கை வைக்காதீர்கள். லித்தியம் வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து.

ஒரு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். மூன்று மணி நேரம் தூங்கியும் அசதியே இல்லை என்றால் அது மேனியா, அதாவது மனம் அளவுக்கு மீறிக் கிளர்ந்துபோகும் கட்டம், தொடங்கும் அறிகுறி. நாளைக்கே கிளினிக்குக்குப் போன் செய்து, இப்படியிருக்கிறது, இந்த வாரமே பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

‘பழகிவிட்டது’ என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது மாத்திரை அட்டையைத்தான். வாங்கிய தேதியையும் மிச்சமிருப்பதையும் எண்ணிப் பாருங்கள், பல நேரம் கணக்கு இடிக்கும், நடுவில் மாத்திரையை விட்டிருப்பார்கள். ஏமாற்றுவதற்காகவே விடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். லித்தியத்தால் கை நடுங்கும். நாலு பேர் முன்னால் டீ கிளாஸ் தளும்பினால் யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது? ‘மாத்திரை போட்டீங்களா?’ என்று தினமும் விசாரிப்பதைவிட, ‘இந்த மாத்திரை உங்களுக்கு என்ன தொந்தரவு கொடுக்குது?’ என்று ஒருமுறை கேளுங்கள். நடுக்கத்துக்கு வழி இருக்கிறது, டாக்டருக்குத் தெரிந்தால்தானே செய்வார்!

அட்டைக் கணக்கு சரியாக இருந்தால், சமீபத்தில் என்ன மாறியது என்று யோசியுங்கள். நைட் ஷிப்ட், குடி, மூச்சுத்திணறலுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு, வேறு டாக்டர் எழுதிய மனச்சோர்வு மாத்திரை எல்லாமே மேனியாவைக் கிளப்பக்கூடியவை. காபி, டீ திடீரென்று அதிகமானாலும் லித்தியம் சிறுநீரில் கூடுதலாக வெளியேறும். இதற்கு நேர்மாறாக, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், புரூஃபென், சில பிரஷர் மாத்திரைகள், வாந்தி-பேதி ஆகியவை லித்தியத்தை ஏற்றிவிடும். நடை தள்ளாடி, பேச்சு குழறி, வாந்தியும் வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு பரிசோதனையும் டாக்டர் எழுதுவார்; லித்தியம் தைராய்டை மந்தமாக்கக்கூடியது.

டாக்டரிடம் போகும்போது எந்த இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார், எவ்வளவு செலவழித்தார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். அவருக்குத் தெரிந்தே எழுதுங்கள், ஒளித்து வைத்தால் உளவு பார்ப்பதாகத் தோன்றும். ஏடிஎம் கார்டைப் பிடுங்குவதும் சண்டையில்தான் முடியும். தெளிந்த பிறகு, ‘அடுத்த தடவை இப்படி ஆனா கார்டை நான் வெச்சுக்கட்டுமா?’ என்று இருவரும் பேசி எழுதி வையுங்கள். அவர் கோபப்படும்போதெல்லாம் ‘மாத்திரை விட்டுட்டீங்களா’ என்று மட்டும் கேட்காதீர்கள். நியாயமான கோபமும் அவருக்கு வரும்.

உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று பேசினாலோ, யாரையாவது அடிக்கப் போனாலோ தனியாகச் சமாளிக்க வேண்டாம், ஆள் துணையோடு உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். என்ன செய்வதென்று தெரியாத நடுராத்திரியில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் கூப்பிடலாம், இலவசம்தான். தமிழிலேயே பேசலாம்.