ஆள் வருவதில்லை, வந்தவர் நிற்பதில்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மூன்று மாதமாகக் கணக்காளர் வேலைக்கு விளம்பரம் கொடுக்கிறேன். தகுதியான ஆளே வருவதில்லை. சம்பளத்தை ஏற்றுவதைத் தவிர வேறு வழி உண்டா?

விண்ணப்பிக்கப் போகிறவராக இருந்து உங்கள் விளம்பரத்தைப் படித்துப் பாருங்கள். பட்டம், ஐந்து வருட அனுபவம், மூன்று மென்பொருள்கள் என்று கேட்டிருப்பீர்கள். இதில் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டியது எது, ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுக்கக் கூடியது எது? இரண்டாவது வகையை அடித்துவிடுங்கள். 'சம்பளம் தகுதிக்கேற்ப' என்ற வரியும் வேண்டாம், தொகையைப் போடுங்கள். இவ்வளவு செய்தும் யாரும் வரவில்லையென்றால், சரி, சம்பளம்தான் குறைவு. மற்றவர்கள் கொடுப்பதை விடக் குறைத்துக் கொடுத்துவிட்டு ஆள் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது.

கேள்வி: சேர்கிறேன் என்று சொன்னவர், சேரும் நாளில் போனையே எடுக்கவில்லை!

ஆஃபர் கொடுத்த பிறகு அவரிடம் எத்தனை முறை பேசினீர்கள்? நோட்டீஸ் காலத்தில் பழைய முதலாளி சம்பளத்தை ஏற்றிக் காட்டுவார், வேறு அழைப்புகளும் வரும். வாரம் ஒரு போன் போடுங்கள். அப்புறம், இரண்டாமிடத்தில் இருந்தவரிடமும் நிலைமையைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து வேலை என்றால் வேலையே நடக்காது என்கிறார் என் பங்குதாரர். உண்மையா?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சீனப் பயண நிறுவனமான சிட்ரிப், கால் சென்டரில் விருப்பம் தெரிவித்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை ஒன்பது மாதம் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யவிட்டது. அவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆனால் சோதனை முடிந்ததும் வீட்டிலிருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். இதை ஆதரவாளர்கள் அதிகம் சொல்வதில்லை.

அதே நிறுவனத்தில் பின்னர் 1,612 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2024-இல் வெளியானது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீடு. வேலைத்திறன் குறையவில்லை, ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆள் தேடி அலையும் உங்களுக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். போகிறவரை நிறுத்தினால் அந்த இடத்துக்கு விளம்பரமே வேண்டியதில்லை. பங்குதாரரிடம் இரண்டு நாள் கேட்டுப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களை மட்டும் முதல் சில மாதம் அலுவலகத்திலேயே வைத்திருங்கள். பக்கத்து மேசையைப் பார்த்துக் கற்பதை வீடியோ அழைப்பில் கொடுக்க முடியாது.

கேள்வி: வீட்டிலிருப்பவர்களைக் கண்காணிக்க மென்பொருள் போடலாமா?

வேண்டாம். மவுஸைத் தானாக ஆட்டிக்கொண்டிருக்கும் கருவியைக் கடையில் விற்கிறார்கள். உங்கள் ஆட்கள் அதை வாங்கிவிடுவார்கள்.

கேள்வி: அலுவலகப் பிரிவுக்கு வீட்டு வேலைச் சலுகை கொடுத்ததும், கிடங்கில் இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

சுளிக்கத்தான் செய்வார்கள். பெட்டியை வீட்டிலிருந்து தூக்க முடியாது. அவர்களுக்கு வேண்டியது வேறு: ஷிப்ட் அட்டவணை இரண்டு வாரம் முன்பே கையில் கிடைக்க வேண்டும், தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும், விடுமுறை நாளில் திடீரென்று கூப்பிடக் கூடாது. எதிலிருந்து தொடங்குவது என்று அவர்களிடமே கேளுங்கள்.