இடித்தவர் இருக்க, என் காப்புறுதி ஏன் கட்ட வேண்டும்?

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஸ்காபரோவில் சிவப்பு விளக்கில் நின்றிருந்த என் காரைப் பின்னால் வந்த கார் இடித்துத் தள்ள, அது முன்னால் நின்ற காரில் முட்டியது. செலவைக் குறைப்பதற்காக ‘கொலிஷன்’ காப்புறுதியை (மோதலில் பிழை என்னுடையதானாலும் என் காரின் சேதத்துக்குப் பணம் தருவது) நான் எடுக்கவில்லை. பிழை பின்கார்க்காரருடையதாக இருக்க, என் காப்புறுதி நிறுவனம் ஏன் கட்ட வேண்டும்? முன்கார்க்காரர் என்னிடம் பணம் கேட்பது சரியா?

பதில்: ஒன்ராறியோவின் ‘நோ-ஃபோல்ட்’ (‘பிழையில்லா’) காப்புறுதி முறையில் யாரும் பிழை செய்யவில்லை என்று பொருள் கொள்வது பெருந்தவறு. பிழை யாருடையது என்பது கட்டாயம் தீர்மானிக்கப்படும். ஆனால் ஒவ்வொருவரும் தம் வாகனச் சேதத்துக்கான பணத்தைத் தம் சொந்த நிறுவனத்திடமே பெறுகிறார்கள். விபத்து ஒன்ராறியோவில் நடந்து, மற்ற வாகனமும் இங்குள்ள காப்புறுதியைக் கொண்டிருந்தால், உங்கள் பிழையல்லாத பங்கு முழுவதையும் ‘டைரக்ட் கொம்பன்சேஷன்’ (நேரடி இழப்பீடு) என்ற பிரிவின் கீழ் உங்கள் நிறுவனம் தரும். இதற்குக் கொலிஷன் தேவையில்லை. அந்தச் சேதத்துக்காக இடித்தவர் மீது நீங்கள் வழக்குத் தொடரச் சட்டம் இடமளிப்பதில்லை.

உங்கள் விடயத்தில் எல்லாம் ஒரு கேள்வியில் தங்கியிருக்கிறது: இடிபட்ட கணத்தில் உங்கள் கார் முழுமையாக நின்றிருந்ததா? மாகாணத்தின் பிழை தீர்மானிப்பு விதிகளின்படி, முன்னிரு கார்களும் நின்றிருக்க, பின்கார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், முழுப் பிழையும் பின்காருக்கே உரியது. மூன்றும் ஓடிக்கொண்டிருந்திருந்தால், பின்பக்க மோதலில் உங்களுக்குப் பிழை இல்லை, ஆனால் முன்காருடனான மோதலில் 50 விழுக்காடு பிழை உங்கள் மீது விழும். அப்போது உங்கள் காரின் முன்பக்கச் சேதத்தில் பாதியை, கொலிஷன் இல்லாத நீங்கள் கைப்பணத்தில் திருத்த வேண்டியிருக்கும். ஆகவே டாஷ்கேம் பதிவு இருந்தால் அழியாமல் பாதுகாத்து, சாட்சிகளின் விவரங்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். “மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தேனோ தெரியாது” என்று உறுதியில்லாமல் வாய்விட வேண்டாம். நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள்.

முன்கார்க்காரருக்கு நீங்கள் ஒரு டொலரும் கொடுக்கத் தேவையில்லை. அவரும் தம் நிறுவனத்திடமே கேட்க வேண்டும். உங்கள் காப்புறுதி விவரங்களை மட்டும் கொடுங்கள். விபத்தை ஏழு நாள்களுக்குள் உங்கள் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். கழுத்து வலி போன்ற காயங்கள் இருந்தால், பிழை யாருடையதாயினும், அவற்றுக்கான ‘விபத்து நலன்கள்’ கொடுப்பனவையும் அதே நிறுவனத்திடம் கேட்கலாம். உங்கள் பிழையல்லாத விபத்துக்காக உங்கள் காப்புறுதிக் கட்டுப்பணத்தை (பிரீமியம்) உயர்த்த முடியாது என்பதால், அந்த அச்சத்தில் இடித்தவரிடம் காசு வாங்கி விடயத்தை முடித்துவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: 2024 ஜனவரி முதல் இந்த நேரடி இழப்பீட்டுப் பிரிவையே வேண்டாமென்று விட்டுவிட முடியும். கட்டுப்பணம் சற்றுக் குறையும்; ஆனால் உங்களைப் போல் பிழையின்றி இடிபட்டவருக்குக்கூட வாகனச் சேதத்துக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்றும் கிடைக்காது. கார் கடனில் ஓடும் குடும்பங்கள் இதில் கையொப்பமிடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. அடுத்த புதுப்பிப்பின்போது உங்கள் ஒப்பந்தத்தில் நேரடி இழப்பீட்டுப் பிரிவு இருக்கிறதா என்று முகவரிடம் கேட்டு, கொலிஷனுக்கான விலையையும் அப்போதே விசாரியுங்கள்.