நொதித்தல் தொட்டியில் விளையும் நிறங்கள்: வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: ஒரு குளிர்பானப் பாட்டிலில் ‘இயற்கை நிறம், நொதித்தல் முறையில் பெறப்பட்டது’ என்று போட்டிருக்கிறார்கள். எஃகுத் தொட்டியில் பூஞ்சையை வளர்த்து எடுத்ததை இயற்கை என்று சொல்வது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கூடுதல் காசு கொடுக்கிறீர்கள் என்றால், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஆரஞ்சு, மஞ்சள் நிறத்துக்குப் பயன்படும் பீட்டா கரோட்டினையே எடுத்துக்கொள்வோம். பிளேக்ஸ்லியா டிரைஸ்போரா என்றொரு பூஞ்சை. இதில் இணைசேரும் வகைகள் இரண்டு உண்டு. கூட்டல், கழித்தல் என்று குறிப்பார்கள். தனித்தனியாக வளர்த்தால் சொல்லிக்கொள்ளும்படி நிறம் வராது. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் டிரைஸ்போரிக் அமிலம் என்ற பொருளைச் சுரந்து ஒன்றுக்கொன்று சமிக்ஞை கொடுத்துக்கொள்ளும். அந்த அமிலம் கரோட்டின் உற்பத்தியையும் சேர்த்து முடுக்கிவிடும். சர்க்கரையும் தாவர எண்ணெயும் தின்று பூஞ்சை இழைகள் ஆரஞ்சு நிறத்தில் தடித்துப்போகும். அப்புறம் இழைகளை வடிகட்டி, கரைப்பானில் நிறமியைப் பிரித்து, படிகமாக்கிச் சுத்தம் செய்கிறார்கள்.

ஆக, நிறத்தை உண்டாக்கியது உயிருள்ள ஒன்று. பிரித்தெடுத்தது முழுக்க முழுக்கத் தொழிற்சாலை. கேரட்டிலிருந்து நிறமி எடுப்பதிலும் இரண்டாவது பாதி கிட்டத்தட்ட இதேதான். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமோ நிறங்களைச் சான்றிதழ் தேவைப்படுபவை, தேவைப்படாதவை என்றுதான் பிரிக்கிறது; ‘இயற்கை நிறம்’ என்று தனிப் பிரிவு அதன் விதிகளில் கிடையாது. அதனால் பாட்டிலின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். நிறமியின் பெயரோ எண்ணோ அங்கேதான் இருக்கும்.

கேள்வி: பின்பக்கத்தில் 160a என்று மட்டும் இருக்கிறது. இது பூஞ்சையா, கேரட்டா, ரசாயனமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சர்வதேச எண் வரிசையில் 160a-வுக்குப் பின்னால் ரோமன் எண்ணில் ஒரு வால் உண்டு. (i) என்றால் செயற்கை, (ii) தாவரம், (iii) பிளேக்ஸ்லியா பூஞ்சை, (iv) பாசி. ரைபோஃப்ளேவின் என்ற மஞ்சள் நிறமிக்கும் அப்படித்தான்: 101(i) செயற்கை, 101(iii) பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவிலிருந்து வந்தது. பல நிறுவனங்கள் வாலை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் அச்சடிக்கின்றன. முன்பக்கம் ‘நொதித்தல்’ என்று பெருமை பேசிவிட்டுப் பின்பக்கம் வெறும் 160a போடும் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிக் கேளுங்கள். தெரிந்தவர்கள் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். சுற்றி வளைத்தால் அந்த விலை வித்தியாசத்தைக் கொடுக்காதீர்கள். மூலக்கூறு எங்கிருந்து வந்தாலும் பீட்டா கரோட்டின்தான்.

கேள்வி: அப்பாவுக்குக் கொழுப்பு அதிகம், மாத்திரை சாப்பிடுகிறார். உணவுக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி கொழுப்பையும் குறைக்கும் என்று இணையத்தில் கேப்ஸ்யூல் விற்கிறார்கள். இயற்கைப் பொருள்தானே, வாங்கலாமா?

பதில்: மருத்துவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வெந்த அரிசியில் வளர்த்தால் அரிசி கருஞ்சிவப்பாகிவிடும். சீனாவிலும் ஜப்பானிலும் உணவுக்கு நிறமேற்ற நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். பூஞ்சை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறமிகளை உண்டாக்குகிறது. ஆரஞ்சு நிறமி அமினோ அமிலங்களோடு சேரும்போது சிவப்பாகிறது. இதுவரை நிறத்தின் கதை, பெரிதாகச் சிக்கல் இல்லை.

அதே பூஞ்சை வேறு இரண்டையும் உண்டாக்கக்கூடும். ஒன்று மொனகோலின் கே. இது வேறொன்றும் இல்லை, லோவாஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரையின் அதே மூலக்கூறு. உங்கள் அப்பா ஏற்கெனவே ஸ்டாடின் (இந்த வகைக் கொழுப்பு மாத்திரைகளின் பொதுப்பெயர்) சாப்பிடுகிறவர் என்றால், அளவு தெரியாமல் இரண்டாவது ஸ்டாடினையும் சேர்த்து விழுங்குகிறார் என்று அர்த்தம். தசைவலி, தசைச் சிதைவு, கல்லீரல் பாதிப்பு எல்லாம் வரக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் இப்படிப்பட்ட துணை உணவுகளில் ஒரு நாள் அளவில் மொனகோலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. கொழுப்பு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், 70 வயதைத் தாண்டியவர்கள் சாப்பிடக் கூடாது என்று லேபிளில் எச்சரிக்கையும் போடச் சொன்னது.

இன்னொன்று சிட்ரினின். சிறுநீரகத்தைக் கெடுக்கும் பூஞ்சை நச்சு. சிவப்பு ஈஸ்ட் அரிசித் துணை உணவுகளில் கிலோவுக்கு 2000 மைக்ரோகிராம் வரை அனுமதித்திருந்த ஐரோப்பிய ஒன்றியம், 2019-ல் அதை 100 ஆகக் குறைத்தது.

சரி, சிட்ரினின் இல்லை என்று சான்று காட்டினால் போதுமா? அதுவும் போதாது. 2024 மார்ச்சில் ஜப்பானில் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன. சாப்பிட்டவர்கள் பலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு. சோதனையில் சிட்ரினின் இல்லை. பியூபெருலிக் அமிலம் என்ற வேறொரு பொருள்தான் சிக்கியது. தயாரிப்பின்போது உள்ளே புகுந்த பெனிசிலியம் வகைப் பூஞ்சையின் வேலை அது. தொட்டியில் அழையா விருந்தாளி நுழைந்துவிட்டால் லேபிளைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நிறத்துக்காக உணவில் ஒரு சிட்டிகை விழுவது வேறு, கேப்ஸ்யூலில் அடைத்துத் தினமும் விழுங்குவது வேறு.

பீட்டா கரோட்டினுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். புகைபிடிப்பவர்களுக்குத் தினமும் 20, 30 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த 1990-களின் இரு பெரிய ஆய்வுகளில் நுரையீரல் புற்றுநோய் கூடியதே தவிரக் குறையவில்லை.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பூஞ்சையில் எடுத்த நிறம் எங்களுக்கு ஒத்துவருமா?

பதில்: நிறமி ஒத்துவரும். பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் (எண் 120) வேண்டாம் என்பவர்களுக்கு இவை நல்ல மாற்றுதான். ஆனால் பீட்டா கரோட்டின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. பானத்தில் கலக்க வேண்டும் என்றால் நுண்ணிய மணிகளாக ஏதாவது ஒன்றில் பொதிந்து தருவார்கள். அந்தப் பொதி சில சமயம் ஜெலட்டின், அதாவது மாட்டிலிருந்தோ மீனிலிருந்தோ வந்தது. மாற்றிய ஸ்டார்ச், அரேபியக் கோந்து போன்றவற்றில் பொதிந்ததும் கிடைக்கிறது. நிறுவனத்திடம் ‘நிறமி எதிலிருந்து?’ என்று கேட்டால் ‘பூஞ்சை’ என்று உண்மையான பதில் வரும், ஜெலட்டின் வெளியே வராது. ‘பொதி எது?’ என்று தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: ‘நீல ஸ்பைருலினா’ பொடி வாங்கி கேக் மாவில் கலந்தேன். வேகும்போதே நிறம் போய்விட்டது. போலிப் பொடியா?

பதில்: பொடி அசலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த நீலம், ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியிலிருந்து எடுக்கும் ஃபைகோசயனின் என்ற புரதம். சுமார் 60 டிகிரியைத் தாண்டினால் புரதம் குலைந்து நிறம் மங்கும், புளிப்பிலும் நிற்காது. அடுப்பில் ஏறாத ஐசிங், ஐஸ்கிரீம் போன்றவற்றுக்குத்தான் லாயக்கு. ‘அடுப்பில் வேகவைக்க ஏற்றது’ என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் மட்டும் தாராளமாகப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

ஸ்பைருலினாவை வெயிலில் குளங்களில் வளர்ப்பார்கள், அது நொதித்தல் இல்லை. சர்க்கரை கொடுத்து இருட்டிலும் வளர்க்கக்கூடியது கால்டியேரியா என்ற பாசி. அதன் நீலம் புளிப்பை நன்றாகத் தாங்கும். அமெரிக்கா 2025 மே மாதம் அனுமதி கொடுத்தது.

கேள்வி: இந்த நுண்ணுயிர்கள் மரபணு மாற்றியவையா?

பதில்: சில ஆம், சில இல்லை. ரைபோஃப்ளேவின் தயாரிப்பில் மாற்றியவை சகஜம். சுத்திகரிப்புக்குப் பின் நுண்ணுயிர் மிஞ்சக் கூடாது. ஆனால் 2014-ல் ஐரோப்பாவில், கால்நடைத் தீவனத்துக்கான ரைபோஃப்ளேவினில் மரபணு மாற்றிய பேசில்லஸ் உயிரோடு இருந்தது பிடிபட்டது. இது முக்கியம் என்று நினைப்பவர்கள் நுண்ணுயிரின் வகையையும், மிச்சம் இல்லை என்ற சோதனை அறிக்கையையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கேள்வி: ரைபோஃப்ளேவின் சேர்த்த பானம் ஜன்னல் ஓரத்தில் வைத்ததும் வெளுத்துவிட்டது. குடிக்கலாமா?

பதில்: வெளிச்சம் பட்டால் ரைபோஃப்ளேவின் சிதையும், அதனால்தான் நிறம் போனது. அதை மட்டும் வைத்துப் பானம் கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல முடியாது. வாசனை, தேதி, மூடி சரியாக இருந்தால் குடிக்கலாம். அடுத்த முறை நிறமுள்ள பாட்டிலிலோ அட்டைப் பெட்டியிலோ வருவதை வாங்குங்கள்.