வளர்ந்த ஆளுக்குப் பொம்மை ரயிலில் என்ன இருக்கிறது? எவ்வளவு இடம் வேண்டும்?

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாதிரி ரயில்களில் ஓஓ (OO) என்று ஓர் அளவு உண்டு; அதில் கிடைக்கும் சிறிய வளைவுகளில் ஒன்றின் ஆரம் 371 மில்லிமீட்டர். ஆறடிக்கு மூன்றடிப் பலகை இருந்தால் ஒரு முழுச் சுற்று ஓட்டலாம். சென்னை அடுக்ககத்திலும் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

என் கதை நேரெதிர். காரைக்குடிப் பக்கம் ஐயாவைப் பெற்றவர் கட்டிய வீடு; ஊரையே உட்கார வைத்துப் பந்தி போட்ட வளவில் இப்போது நானும் அப்பத்தாவும்தான். முற்றத்தைச் சுற்றி ஆத்தங்குடிக் கல் தரையில் தண்டவாளம் போட்டேன். மேடு பள்ளமே இல்லாத வழவழப்பு. இதைவிட நல்ல இடம் எவனுக்கு வாய்க்கும் என்று மிதப்பில் இருந்தேன். மூன்றாம் நாள் வண்டி திக்கித் திக்கி நின்றது.

என்ஜினைக் கழற்றினேன், மாட்டினேன், கம்பியைச் சோதித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் சக்கரத்தை விரலால் தடவினால் கரி போல ஒரு பிசுக்கு. 12 வோல்ட் மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்குப் போக வேண்டும். அப்பத்தாவோ கல் மினுங்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொல்லியிருக்கிறார். எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழியை அடைத்துவிட்டன. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்ததும் கிளம்பியது. "ரயில் விடுவதை முன்னமே சொல்ல வேண்டாமா?" என்று திட்டு எனக்குத்தான்.

இந்திய என்ஜின் மாதிரி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அவை வரும் எச்ஓ (HO) அளவு 1:87, அதாவது அசலில் 87இல் ஒரு பங்கு. நம் அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். விற்கும் தண்டவாளமோ 16.5. அது ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்குச் சரியான கணக்கு. அதனால் நம் வண்டி காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பது போலிருக்கும். பார்க்காதவரை குறையில்லை, ஒரு முறை பார்த்துவிட்டால் தூக்கம் போய்விடும்.

ஏறி உட்கார்ந்து போகும் ரயில் வேறு ரகம். 5 அங்குலம், ஏழேகால் அங்குலம் என்ற அகலங்கள் பரவலானவை. கொல்லையில் ஏழேகால் அங்குலத்தில் 12 மீட்டர் போட்டேன். பட்டைக் கம்பிகளை இடைவெளி விடாமல் வெல்டிங் செய்து, இரண்டு முனைகளையும் கான்கிரீட்டில் புதைத்தது நான் செய்த முட்டாள்தனம். வேலை முடித்தது மார்கழிக் காலையில். 12 மீட்டர் இரும்பு 30 டிகிரி கூடச் சூடானால் நான்கு மி.மீ.க்கு மேல் நீளும். சித்திரை வெயிலில் நீள வழியில்லாமல் பாதை பாம்பாக நெளிந்து கிடந்தது. அறுத்து இடைவெளி விட்டேன். இப்போது அந்த இடத்தில் வரும் 'டடக்' ஓசைக்காகவே பிள்ளைகள் ஏறுகிறார்கள். நீலகிரி மலை ரயிலுக்குப் பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டிலும் புது நீராவி என்ஜின் செய்து கொடுத்திருக்கிறது. எனக்கும் அந்தக் கிறுக்கு உண்டு, கை வரவில்லை; பாட்டரி மோட்டாரோடு நிற்கிறேன்.

என்ன இருக்கிறது என்றால், இதுதான். வண்டி நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் அகப்படும். என் அலுவலகத்தில் அப்படி எதுவும் அகப்பட்டதில்லை.

அப்பத்தா இப்போதெல்லாம் "நாளைக்கு ரயில் உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கச் சொல்கிறார்.