பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், போய்விட்டார்கள்

தேவகோட்டை வாசகி ஒருவர் கேட்கிறார்: “செட்டிநாட்டு வீடுகளை வாட்டர்கலரில் வரைகிறேன். போன மாதம் சென்னையில் ஓர் ஓவியச் சந்தையில் மூன்று நாள் ஸ்டால் போட்டேன். நல்ல கூட்டம். பாராட்டினார்கள், செல்போனில் படம் பிடித்தார்கள். விற்றது இரண்டுதான். அடுத்த சந்தைக்கு என்ன செய்ய வேண்டும்?”

நீங்கள் அனுப்பிய ஸ்டால் போட்டோவைப் பார்த்தேன். பதினான்கு படம், எல்லாமே கண்ணாடி போட்ட பெரிய ஃபிரேம். ஒன்றிலும் விலை இல்லை. பெயர் மட்டும் ‘பாரம்பரியம் 1’ தொடங்கி ‘பாரம்பரியம் 14’ வரை.

விலையை ஒட்டிவிடுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர் கேட்காமலே நகர்ந்துவிடுவார். என் முதல் ஸ்டாலில் நானும் விலைப்பட்டியலைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளில் நாலு பேர் கேட்டார்கள்.

பெயர்தான் பெரிய விஷயம். சென்னையில் உங்கள் படத்தின் முன் நிற்பவர்களில் இந்தப் பக்கம் பூட்டிய வீடு உள்ளவர்களும் இருப்பார்கள். அவர்கள் வாயில் முதலில் வருவது “இது எந்த ஊர் வீடு?” கானாடுகாத்தான் என்றால், “எங்களுக்குப் பள்ளத்தூர்” என்பார்கள். அடுத்து, நகரத்தாரின் ஒன்பது கோவில்களில் எந்தக் கோவில் என்று பேச்சு போகும். வியாபாரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ‘கானாடுகாத்தான், வளவு, காலை ஏழு மணி வெயில்’ என்று எழுதிப் பாருங்கள். வளவு என்பது போல, முகப்பா, பட்டாலையா, இரண்டாம் கட்டா, வீட்டின் எந்தப் பகுதியிலிருந்து பார்த்தது என்பதும் இருக்கட்டும்.

அடுத்தது ஒரு நோட்டு. நம் ஊர்க் கல்யாணத்தில் மொய் நோட்டு இல்லாமல் யாராவது பந்தலில் உட்காருவார்களா? நின்று பார்த்தவரிடம் கேட்டு, பெயர், ஊர், வாட்ஸ்அப் எண், எந்தப் படத்தின் முன் நின்றார் என்பதைக் குறியுங்கள். ஒரு வாரத்துக்குள் அந்த ஒரு படத்தை மட்டும் அவருக்கு அனுப்புங்கள். எல்லாருக்கும் எல்லாப் படமும் அனுப்பினால் குட்மார்னிங் பூக்களோடு சேர்த்து அழித்துவிடுவார்கள். அடுத்த சந்தைக்கு இரண்டு வாரம் முன்பு இதே நோட்டைப் பார்த்து ஸ்டால் எண்ணை அனுப்பலாம்.

முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும், அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திக் கல்யாணத்துக்கும் குடும்பங்கள் ஊர் வந்து வீட்டைத் திறப்பதை நீங்களே பார்க்கிறீர்கள். அவர்கள் வீட்டையே வரைந்து தருவதாகச் சொல்லுங்கள். பாதிப் பணம் முன்பணம். வந்தவர்களுக்குக் கொடுக்க அதே படத்தின் சின்ன பிரிண்டும் கேட்பார்கள்.

சந்தைக்கும் பிரிண்ட் வேண்டும். ஸ்டால் வாடகை, வேன், தங்கல் எல்லாம் 27,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 400 ரூபாயில் அச்சாகும் பிரிண்டை 1,500க்கு விற்றால் 25 பிரிண்டில் செலவு கைக்கு வந்துவிடும். அதற்குமேல் விற்கும் அசல் ஓவியங்கள்தான் லாபம். ஒரு படத்துக்கு ஐம்பது பிரிண்ட்தான் என்று முடிவு செய்தால் ஓரத்தில் பென்சிலால் 1/50, 2/50 என்று வரிசையாக எண் போட்டுக் கையெழுத்திடுங்கள். ஐம்பத்தொன்றாவதை அடிக்கவே கூடாது.

அளவு ஏ3, அதாவது 29.7 × 42 செ.மீ. ஃபிரேம் வேண்டாம். படத்தைச் சுற்றி அட்டை ஓரம், அதாவது மவுண்ட் போட்டு, பின்னால் கெட்டி அட்டை வைத்து, பிளாஸ்டிக் உறையில் கொடுங்கள். விமானத்தில் கைப்பெட்டிக்குள் போய்விடும். வெளிநாட்டுக்காரர் வாங்கினால் பில்லில் ‘புதிய ஓவியம்’ என்று எழுதி, வரைந்த ஆண்டு, உங்கள் பெயர், கையெழுத்து சேருங்கள். நூறு வருடம் தாண்டிய ஓவியங்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விடாது. காரைக்குடி பழம்பொருளுக்குப் பேர்போன ஊர் என்பதால், விமான நிலையத்தில் ஒரு கேள்வி வந்தாலும் வரும்.

அடுத்த ஸ்டாலுக்குப் பணம் கட்டும் முன், போன மாதம் வாங்கிய அந்த இரண்டு பேருக்கும் ஒரு போன் போடுங்கள். படத்தை எந்தச் சுவரில் மாட்டினார்கள், பார்த்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று விசாரியுங்கள். நோட்டின் முதல் பக்கம் அவர்களுக்கு.