'நெய்தல்' என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. 'நெய்தல்' என்று பெயர் வைக்க எனக்கும் கணவருக்கும் ஆசை. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மாமா, "அது சாவுப்பறையின் பெயர், இரங்கலுக்குரிய திணை" என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அத்தைக்குப் பயம். என் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அன்புத் தங்கைக்கு, அருமையான பெயர். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, வையுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் மாமா சொன்னதில் தப்பே இல்லை. புறநானூற்றின் 194-ஆம் பாட்டில் ஒரு வீட்டில் நெய்தல் ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு ஒலிக்கிறது. அந்த நெய்தல் சாப்பறைதான். கடலோர வாழ்வைப் பாடும் நெய்தல் திணையின் உரிப்பொருளும், அதாவது அதற்கு உரிய உணர்வும், இரங்கல்தான். படகு திரும்பும் வரை கண் மூடாத வீட்டில் இது வெறும் ஏட்டுச் சங்கதி இல்லை. அத்தையின் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள்.

சரி, இனி அகநானூற்றின் 70-ஆம் பாட்டை மாமாவிடம் கொடுத்து, அத்தைக்கு வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். மதுரைத் தமிழ்க்கூத்தன் கடுவன் மள்ளனார் பாடிய நெய்தல் திணைப் பாட்டு அது. அதில் வரும் பாண்டியரின் 'தொல்முது கோடி'யைத் தனுஷ்கோடி என்றே கொள்வார்கள். ஆக, உங்கள் கரையின் பாட்டு! வலை நிறைய மீன் கிடைத்த நாளில், கொழுத்த அயிலை மீனைப் பங்கு வைக்கிறார்கள். ஒரு பெண்ணின் காதலை ஊரே தூற்றிக்கொண்டிருந்தது. கல்யாணம் முடிந்ததும் அத்தனை வாயும் அடங்கிவிட்டது. கோடித் துறையில் ராமன் ரகசிய ஆலோசனை பேசியபோது பறவை ஒலி அடங்கிய ஆலமரம் போல. நெய்தல் பூவும் அதே பாட்டில் இருக்கிறது. பச்சை இலைகளுக்கு நடுவே திரண்ட தண்டோடு பூத்ததை, திருவிழாவுக்கு அலங்கரித்துக்கொள்ளும் பெண்கள் தழையாடையில் சேர்த்துக் கட்டுகிறார்கள்.

இரங்கலுக்கு உரிய திணைக்குள்தான் இந்தக் கல்யாணமும் திருவிழாவும் மீன் பங்கும் இருக்கின்றன. கடற்கரைப் பெண்ணுக்கு இதைவிட முழுமையான பெயர் எனக்குத் தோன்றவில்லை. முல்லைத் திணைக்கு உரியதுகூடப் பிரிந்தவன் வரும்வரை ஆற்றியிருப்பதுதானே? முல்லை என்று பெயர் வைக்க யாரும் அஞ்சுவதில்லை. பூவை நினைத்துத்தான் வைக்கிறோம்.

பாட்டைக் கேட்ட பிறகும் அத்தை கலங்கினால் அவசரப்படாதீர்கள். பெயர் எழுதாமலே பிறப்பைப் பதிந்துகொள்ளலாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை வழியுண்டு. வீட்டில் கூப்பிடும் பெயரை அத்தையே சூட்டட்டும். பாட்டி வைத்த பெயர்தான் பிள்ளை வாயில் முதலில் வரும்.

அப்புறம் ஒன்று. நெய்தலை ஆங்கிலத்தில் 'ஐ' போட்டும் எழுதுவார்கள், 'ஒய்' போட்டும் எழுதுவார்கள். பதிவுக்குப் போகும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்றானால் பள்ளிக்கூடத்தில் தொடங்கி பாஸ்போர்ட் வரை அலைச்சல்தான்.