பழைய ஸ்டிக்கர் புது லேப்டாப்பில் செல்லுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்ன ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறேன். எங்கள் பழைய கணக்கு மென்பொருள், பழைய டெஸ்க்டாப்பில் இருக்கும் விண்டோஸ் 7-ல்தான் ஓடும். புது லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஹோம் இருக்கிறது. அதற்குள் விர்ச்சுவல் மெஷின் போட்டு, 600 ரூபாய்க்கு விண்டோஸ் 7-ஐ ஆக்டிவேட் செய்யும் 'லைஃப்டைம் கீ' எண்ணும் தருகிறேன் என்கிறார் புதுச்சேரி கடைக்காரர் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். விர்ச்சுவல் மெஷின் என்பது லேப்டாப்புக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். லைசென்ஸ் கணக்கிலும் அது தனிக் கம்ப்யூட்டர்தான். தனி லைசென்ஸ் வேண்டும்.

600 ரூபாய்க் கீ எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரும்பாலும் ஏதோ ஒரு பெரிய நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த கீ. அதையே ஊரெல்லாம் விற்கிறார்கள். 'ஆக்டிவேட் ஆகிவிட்டது' என்று திரையில் வந்தால் போதும் என நினைக்கிறோம். கீ வேறு, உரிமை வேறு. என்னிடம் வந்த மொத்த வியாபாரி ஒருவருக்கு மார்ச் கடைசி வாரத்தில் கீ முடங்கியது; விற்றவர் போனையே எடுக்கவில்லை. பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று மட்டும் இருந்தது.

அப்புறம், பழைய டெஸ்க்டாப்பில் ஒட்டியிருக்கும் விண்டோஸ் லைசென்ஸ் ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் தயாரித்த கம்பெனியின் பெயரும் அதில் அச்சாகியிருந்தால், அந்த லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். விண்டோஸைத் தனியாக, டிவிடி அட்டைப்பெட்டியோடு காசு கொடுத்து வாங்கியிருந்தால் கதை வேறு. பழைய கம்ப்யூட்டரிலிருந்து முழுக்க நீக்கிவிட்டு விர்ச்சுவல் மெஷினில் போடலாம். நீக்கிய பிறகுதான்! இரண்டிலும் ஓட்டினால் ஒன்றுக்கு உரிமை இல்லை. பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டாலும் அந்த அட்டைப்பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். இவ்வளவு எளிய விஷயத்தைப் பக்கம் பக்கமாக வக்கீல் ஆங்கிலத்தில் எழுதி வைத்தால் சின்ன அலுவலகக்காரர் எப்படிப் படிப்பார்? இடைத்தரகர்கள் பிழைப்பதே அதனால்தான்.

விர்ச்சுவல் மெஷின் போடும் மென்பொருளுக்குச் செலவே வேண்டாம். விண்டோஸோடு வரும் விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி, ஹோம் பதிப்பில் கிடையாது. அதற்காக விண்டோஸ் ப்ரோ பதிப்புக்கு மாறாதீர்கள். அதே வேலையைச் செய்யும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் அலுவலகத்துக்கும் இலவசம். அதன் கூடுதல் வசதித் தொகுப்பான எக்ஸ்டென்ஷன் பேக் மட்டும் வீட்டு உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் இலவசம், அதைத் தொடாதீர்கள். அதே போன்ற விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பர் முதல் அலுவலகங்களுக்கும் இலவசம். எதுவானாலும் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள், பென்டிரைவில் வாங்காதீர்கள்.

2020 ஜனவரியோடு விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அதை எங்கே ஓட்டினாலும் அதன் இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். லைசென்ஸ் அந்தப் பழைய டெஸ்க்டாப்புக்கு மட்டும் என்றால், அதைப் பழைய சாமான்காரரிடம் போடாமல் கணக்கு மென்பொருளுக்கென்றே வையுங்கள். கணக்குகளை இந்த வாரமே வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுங்கள்.